ஆவடியில் எடுத்த பர்மா

நான் படம்பிடித்த பர்மா யுத்தம் ஆவடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் நடந்தது. போகிற வழியில் ஒரு டீக்கடையும் உண்டு. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. கொரட்டூரில் எங்கள் தெருவில் எனக்கு "யுத்தத்துக்குப் போய் வந்தவர்" என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் குனிந்து, "குண்டு விழுறப்போ நீங்க எங்க சார் நின்னீங்க?" என்று கேட்பார். என்னத்தைச் சொல்ல? விழுந்தது குண்டே இல்லை, வாணவேடிக்கைக்காரனிடம் வாங்கிய வெடிமருந்து. நான் நின்றது ஒரு வேப்பமரத்து நிழலில்.

யுத்தத்துக்கு முன்னால் நான் சினிமா ஸ்டூடியோவில் கேமரா பிடித்துக்கொண்டிருந்தேன். பிலிம் கிடைக்காமல் ஸ்டூடியோக்கள் படுத்துவிட்டன. அப்போதுதான் சர்க்காரில் யுத்தச் செய்திப் படம் எடுக்க ஒரு பிரிவு ஆரம்பித்து ஆள் எடுத்தார்கள். பர்மாவுக்கு அனுப்புவோம் என்று சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். என் மனைவி அழுது ஊரைக் கூட்டினாள். மாமனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அப்புறம் என்னைக் காலை ரயிலில் ஆவடிக்கு அனுப்பினார்கள். சாயங்கால ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமனார் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது என்று இப்போதும் சந்தேகப்படுகிறேன்.

ஆவடியைச் சுற்றி வயலும் மேய்ச்சலுமாக இருந்ததையெல்லாம் அப்போது பட்டாளம் எடுத்துக்கொண்டு முள்கம்பி வேலி போட்டுவிட்டது. வேலிக்குள் கொட்டகைகள், லாரிகள், ஒரு பாழுங்குட்டை, அதைச் சுற்றிக் கோரைப்புல். அந்தக் குட்டைதான் எங்கள் பர்மா. வெளியாள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்பதால் அதைவிட நல்ல பர்மா எங்களுக்குக் கிடைக்காது.

அசல் போர்முனையில் எடுத்த படம் வராமல் இல்லை, வந்தது. அதில் மழை, புகை, தூரத்தில் எறும்பு மாதிரி நகர்கிற சில ஆட்கள். இதில் வெற்றி எங்கே தெரிகிறது என்று எங்கள் காப்டன் துரை கேட்டாராம். கேட்டாராம் என்று சொல்கிறேன், ஏனென்றால் துரை எங்களோடு நேரே பேசமாட்டார். யுத்தம் நடக்கிற திசையில்கூட அவர் போனதில்லை. மீசைக்கு மெழுகு தடவி முறுக்குவதில் காட்டிய அக்கறையில் கால்பங்கை வேலையில் காட்டியிருந்தால் யுத்தம் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

துரைக்கும் எங்களுக்கும் நடுவில் டைரக்டர் இருந்தார். பட்டணத்துக்காரர், நம் ஆள். தேவர்களும் அசுரர்களும் அடித்துக்கொள்கிற புராணப் படங்கள் எடுத்துப் பழகியவர். அசுரர்களுக்குப் பதிலாக இப்போது ஜப்பான்காரர்கள், வேறு வித்தியாசம் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. துரையைப் பார்த்துப் புகைக்குழாய் ஒன்று வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். பற்றவைக்கத் தெரியாது. வெறும் குழாயை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டு, "யெஸ் சார், யெஸ் சார்" என்று துரையின் நிழலை மிதித்தபடி திரிவார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜப்பான் தொப்பி தைக்கப் பூந்தமல்லியில் ஒரு தையல்கார பாயைப் பிடித்தோம். பின்னால் துணி தொங்கவேண்டும் என்று டைரக்டர் பென்சிலால் வரைந்து காட்டினார். பாய் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கொயந்தைக்குக் குளுரு குல்லாவா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு இருந்த கண் எங்கள் பிரிவில் ஒருவருக்கும் இல்லை.

ஆள் பிரிப்பதும் சுலபமாக முடிந்தது. வாட்டசாட்டமான வடநாட்டுச் சிப்பாய்களெல்லாம் ஜெயிக்கிற பக்கம். "குள்ளமா, ஒல்லியா இருக்கிறவன்லாம் இந்தப் பக்கம் வா!" என்று டைரக்டர் குழாயை நீட்டிக் கூவினார். புதிதாகச் சேர்ந்து முகாமில் பயிற்சியில் இருந்த நம் ஊர்ப் பையன்கள் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். அவர்கள்தான் ஜப்பான்காரர்கள். அவர்கள் வேலை சாவது.

அதில் ஒருவன் சேக்காட்டுப் பையன். அவன் அப்பாவின் நிலம் அந்த வேலிக்குள்தான் போயிருந்தது. உழுவதற்கு நிலம் இல்லாமல் போனபிறகு என்ன செய்வான்? நிலத்தை எடுத்துக்கொண்ட அதே பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அவன் அப்பா உழுத மண்ணிலேயே அவனை ஜப்பான்காரனாக்கிச் சாகச் சொன்னார்கள். இதையெல்லாம் யோசித்து யார் செய்தார்கள்? யோசிக்கிற பழக்கமே அங்கே கிடையாது.

துரைக்கு ஒரு முகம் வேண்டுமாம். செத்த எதிரியின் முகம், திரை நிறையத் தெரியவேண்டுமாம். சேக்காட்டுப் பையனைக் குட்டையோரச் சேற்றில் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நெற்றியில் கறுப்புச் சாயத்தை ஊற்றினார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் அது ரத்தம். நான் கேமராவில் கண் வைத்துப் பார்த்தால் அவன் முன்கையில் பச்சைகுத்திய தேள் ஒன்று பளிச்சென்று தெரிகிறது.

"சார், கையில தேள் தெரியுது" என்றேன்.

"தெரியட்டுமே! ஜப்பான்காரன் பச்சை குத்திக்க மாட்டானா?" என்றார் டைரக்டர். "உம்ம வேலையைப் பாரும்யா."

முதல் தடவை பையன் இருமிவிட்டான். செத்தவன் இருமலாமா என்று டைரக்டர் தாண்டிக் குதித்தார். அடுத்த தடவை எறும்பு கடித்துக் காலை உதறினான். கடைசியில் பிரமாதமாகச் செத்தான். டைரக்டர் "கட்" சொல்ல மறந்து துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லாமல் நான் நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பையன் ஒற்றைக்கண்ணைத் திறந்து பார்த்தான். முழங்கையை ஊன்றினான், எழுந்து உட்கார்ந்து சேற்றைத் துப்பினான், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், நான் செத்தது நல்லா இருந்திச்சா?"

"ஜோரா செத்தேடா" என்றேன்.

"எங்க ஊட்ல பாப்பாங்களா சார் இத்த? அதோ அந்தப் பனமரத்துக்கு அப்பாலதான் எங்க ஊடு. இப்பத்தான் கண்ணாலம் கட்டிக்கினேன். லீவு கேட்டா உட மாட்டேன்றானுங்கோ" என்றான்.

அவன் செத்துக் கிடந்த இடத்துக்கு அவன் வீட்டுக் கோழி கூவினால் கேட்கும். ஆனால் வேலியைத் தாண்டி ஒரு எட்டுப் போய்வர அனுமதி இல்லை. அடுத்த வாரமே அவனையும் அவனோடு இருந்தவர்களையும் ரயிலில் அடைத்துக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை அசல் பர்மாவுக்கு.

எங்கள் படம் வெட்டி ஒட்டி, பின்னணிக் குரல் சேர்த்து, மேலே மேலே கையெழுத்தாகி வெளியே வருவதற்குள் மாசக்கணக்கில் ஆகிவிட்டது. கொட்டகையில் எந்தப் படம் போட்டாலும் முன்னால் யுத்தச் செய்திப் படத்தைக் காட்டியே தீரவேண்டும் என்று அப்போது சட்டம். ஜனங்கள் பாட்டும் டான்ஸும் பார்க்க வந்து, அதற்குத் தண்டனையாக எங்கள் பர்மாவையும் பார்த்தார்கள். நான் அதற்குள் அந்தப் பையனை மறந்தே போயிருந்தேன்.

ஒரு நாள் காலையில் எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிற நாவிதர் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர். "நாளைக்கு நான் வர மாட்டேன் அண்ணாத்தே, சேக்காட்டுல தொழில் பண்ற எங்க பங்காளிக்கு ஒத்தாசையாப் போறேன். கருமாதி கீது" என்றார்.

"யாரு செத்தது?"

"பட்டாளத்துக்குப் போன புள்ள. பாவம், தந்தியும் இல்ல, கடுதாசியும் இல்ல. பூந்தமல்லி டென்ட்டு கொட்டாயில சினிமா பாக்கப் போயிருக்காங்கோ குடும்பத்தோட. யுத்தப்படம் ஓடுது. பாத்தா, இவுங்க புள்ள சேத்துல பொணமாக் கெடக்கறான். கையில தேளு பச்சை குத்திகினு கீறான், மூஞ்சி அப்பட்டமா தெரியுது. அவன் கட்டிக்கின பொண்ணு அங்கயே உயுந்துடுச்சாம். நாளைக்குத் தாலி வாங்கறாங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தி கன்னத்தில் பட்டுவிட்டது. "யோவ், அது ஜப்பான்காரப் பொணம்னு படத்துலயே சொல்றானேய்யா!" என்று கத்தினேன்.

"சொன்னானாம். யுத்தத்துல யாரு பொணம் யாருதுன்னு எவன் பாக்கறான், நம்ம புள்ளையக் கொண்டுபோய் அவனுங்களோட போட்டுட்டானுங்கோன்னு பெரியவரு தலைல அடிச்சிகினு அழுவறாரு. முகாமு கேட்டாண்ட போய் நின்னாராம். செய்தி வந்தா சொல்லுவோம், போய்யான்னு தொரத்திட்டானாம். சர்க்காரு மறைக்குதுன்னு ஊரே சொல்லுது."

பாதிச் சவரத்தோடு எழுந்து ரயிலைப் பிடித்தேன். முகாமில் டைரக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தக் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், பெண்ணுடைய தாலி சமாச்சாரம் என்றேன். அவர் குழாயை வாயிலிருந்து எடுத்து, நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போல அக்கம்பக்கம் பார்த்தார்.

"உமக்குப் பைத்தியமாய்யா? ஜோடிச்ச படம்னு வெளியே சொன்னா யுத்தகாலச் சட்டத்துல உள்ளே தள்ளிடுவான். என்னையும் சேர்த்து!"

"அந்தப் பொண்ணு சார்..."

"தாலிதானே? ஆள் திரும்பி வந்தா மறுபடி கட்டிக்கிறான்!"

இந்த வார்த்தையை நான் சாகிற வரையில் மறக்கமாட்டேன். வீட்டில் கட்டிய பெண்டாட்டியை வைத்திருக்கிற மனிதன், புகையாத குழாயைச் சப்பிக்கொண்டு சொன்னான். துரையிடமாவது கேளுங்கள் என்று காலில் விழாத குறையாக நின்றேன். சரியென்று உள்ளே போய் இங்கிலீஷில் சொன்னார். கதவு திறந்திருந்தது. துரை நாற்காலியில் சாய்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. கட்டிய மனைவியே நம்பிவிட்டாளா, அவ்வளவு தத்ரூபமாகவா இருக்கிறது என்றார். மேசையைத் தட்டிச் சிரித்தார். டைரக்டருக்குக் கை குலுக்கினார். இந்தப் பயலும் பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினான். தூ!

அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. வெட்டி ஒட்டுகிற அறையில் தேவையில்லாத துண்டுகளை ஒரு கூடையில் போட்டுவைப்பார்கள். உட்கார்ந்து துழாவினேன். டைரக்டர் "கட்" சொல்ல மறந்த அந்தத் துண்டு கிடைத்தது. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். மாட்டினால் ஜெயில்தான். ஆனால் அந்த இருவரையும் பார்த்தபிறகு ஜெயிலில் இருப்பவர்கள் மரியாதைப்பட்டவர்களாகத்தான் தோன்றினார்கள்.

மறுநாள் காலை நான் சேக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. உடம்பு கிடைக்காத சாவு என்பதால் தர்ப்பையில் ஆள் மாதிரி உருவம் செய்து, அதற்கு வேட்டி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பெண்ணைக் கடைசித் தடவையாக ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். கை நிறைய வளையல், தலை கொள்ளாத பூ, நெற்றியில் அகலமாகக் குங்குமம். எல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்தில் எடுப்பதற்காக வைத்தது. சின்னப் பெண். அழுகை தீர்ந்துபோய் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். "உங்க பையன் சாவல. அந்தப் படத்த எடுத்தவன் நான்தான். ஆவடி முகாமுக்குள்ள, உங்க நிலத்தாண்ட எடுத்தது. செத்த மாதிரி படுக்கவெச்சு எடுத்தோம்!"

ஒருவரும் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? பையனின் தகப்பனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யுத்தத்துப் பேரச் சொல்லி சர்க்காரே பொய்ப்படம் காட்டுமா? இன்னா சார் பேசறே? யாரு உன்ன அனுப்ச்சது, எங்க வாய அடைக்கவா?" என்றார். கூட்டத்தில் ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

இடுப்பிலிருந்து பிலிமை எடுத்தேன். முதலில் எல்லாரையும் பீடியைக் கீழே போடச் சொன்னேன், அந்தக் காலத்துப் பிலிம் நெருப்பைக் கண்டால் பட்டாசுதான். வானத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூதக்கண்ணாடியைத் தகப்பனாரிடம் கொடுத்தேன். அவருக்குக் கண்ணாடியை எங்கே வைத்துப் பார்ப்பது என்றே பிடிபடவில்லை. அப்போது அந்தப் பெண், யாரும் கூப்பிடாமலே, எழுந்து வந்தாள். கண்ணாடியை வாங்கி ஒற்றைக்கண்ணில் வைத்துக்கொண்டு, பிலிமைத் தன் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தாள். அவள் இழுக்க இழுக்க அவன் கண்ணைத் திறந்தான். முழங்கையை ஊன்றினான். உட்கார்ந்தான். துப்பினான்.

"சிரிக்கறாரு" என்றாள். "நைனா, சிரிக்கறாரு!"

மாமனாரைத்தான் நைனா என்று கூப்பிட்டாள். அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஓங்கி ஒரு உதை விட்டார், தர்ப்பை உருவம் பந்தலுக்கு வெளியே போய் விழுந்தது. பெண்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். எங்கள் நாவிதர் கத்தியைத் துணியில் சுருட்டிக்கொண்டு, "அண்ணாத்தே, சாவுச் சோறு கண்ணாலச் சோறாயிடுச்சு, உக்காரு" என்று என்னை இழுத்து உட்காரவைத்தார். வடையும் பாயசமுமாக ஊரே சாப்பிட்டது. அந்தப் பெண் எனக்குத் தானே பரிமாறினாள். பிலிம் துண்டை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களிலே ஒரே ஒரு நல்ல படம் அந்தத் துண்டுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

விஷயம் முகாமுக்கு எட்டியது. ஆனால் என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றினால் படம் பொய் என்று கோர்ட்டில் சொல்லவேண்டி வருமே! டைரக்டர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அது ஒரு லாபம். படத்தை லண்டனில் பாராட்டினார்களாம், அந்தப் பிணத்தைக் குறிப்பாக. துரை பதவி உயர்ந்து வடக்கே போனார். டைரக்டர் புதிதாக ஒரு குழாய் வாங்கினார்.

யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் சேக்காட்டுப் பெரியவர் கொரட்டூரில் என் வீட்டைத் தேடி வந்தார். கையில் தந்தி, பையன் யுத்தத்தில் செத்துப்போனதாக. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். "நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க சார். எங்களுக்கு எத்த நம்பறதுன்னு தெரியல" என்றார்.

முகாமில் போய் விசாரித்தேன். பெயர், நம்பர், தகப்பன் பெயர், எல்லாம் சரி. அவனோடு ஒரே கூடாரத்தில் இருந்த ஒருவன் காலை இழந்து திரும்பி வந்திருந்தான். அவனையும் பார்த்தேன். பையனைக் குழி வெட்டிப் புதைத்ததே அவன்தான். கேமரா ஒன்றும் அங்கே இல்லை. யாரும் ஒத்திகை பார்க்கவும் இல்லை.

பெரியவரிடம் சொன்னேன். அவர் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட நீங்கதான் வந்து சொல்லணும். நாங்க சொன்னா கேக்க மாட்டேன்றா. தந்தி வந்து இத்தினி நாளாச்சு, பூவும் பொட்டுமா உலாத்திகினு கீறா. ஊரு சிரிக்குது."

போனேன். பந்தல் எதுவும் இல்லை. அவள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். முகம் பூராவும் சிரிப்பு. "வாங்கண்ணா, உக்காருங்க" என்று மணை எடுத்துப் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். தந்தி நிஜம்தானம்மா, விசாரித்துவிட்டேன், புதைத்தவனையே பார்த்துவிட்டு வருகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கும் இப்டித்தான் அண்ணா செத்துட்டாருன்னாங்கோ" என்றாள். "ஊரே பாத்துச்சு, நானும் கண்ணால பாத்தேன். நீங்கதானே வந்து எழுப்பிக் காட்னீங்கோ?"

அவள் என் இடுப்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"எங்க, எடுங்கண்ணா. இந்தவாட்டியும் எழுப்பிக் காட்டுங்க."